கார்த் திறப்பை ‘புரோகிராம்’ பண்ணுவதற்குத் தமிழில் என்ன சொல்?

மடல் 1 (நல்லூர்)

குழுவினருக்கு வணக்கம்.

வாகனச் சொற்கள் வரிசையில் அடுத்து ‘கீ ஃபொப்’ (பொத்தானை அமத்திக் கார்க் கதவைத் தூரத்திலிருந்து திறக்கிற திறப்பு), ‘கீ புரோகிராமிங்’ (புதுத் திறப்பைக் கார் ஏற்கச் செய்கிற வேலை) இரண்டையும் எடுக்கவேண்டியிருக்கிறது. ‘கீ’ என்ற அடிச்சொல்லில் எங்களுக்குள் தகராறு இல்லை, அது திறப்பு. ‘சாவி’ போர்த்துக்கேயச் சொல். 1619 தொடக்கம் 1658 வரை அவர்களுடைய ஆட்சிக்குள் இருந்த யாழ்ப்பாணம் அவர்களின் கதிரையையும் அலவாங்கையும் எடுத்துக்கொண்டது. திறப்பை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்படிக் காத்த சொல் காருக்குள் ஏறியதும் ‘கீ’ ஆகிவிடுவது மனதை உறுத்துகிறது.

‘ஃபொப்’ என்பது முதலில் காற்சட்டை இடுப்பில் மணிக்கூடு வைக்கிற சின்னப் பை. வேரைப் பிடித்து மொழிபெயர்த்தால் ஒன்றும் தேறாது. ஆகவே ‘தொலைத் திறப்பு’ என்றும், புரோகிராமிங்குக்கு ‘நிரலாக்கம்’ என்றும் முன்வைக்கிறேன். வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மடல் 2 (சுன்னாகம்)

ஐயா, வணக்கம்.

> தொலைத் திறப்பு

எழுத்தில் பார்க்கச் சரிதான். ஆனால் ஒருவர் ரெலிபோன் எடுத்து ‘தொலைத் திறப்புக்கு என்ன செய்யலாம்’ என்று கேட்டால், திறப்பைத் தொலைத்துவிட்டார் என்றுதான் கராஜில் விளங்கும். தொலைந்ததற்கும், மேலதிகமாக ஒன்று செய்வதற்கும் வேலையும் வேறு, கூலியும் வேறு.

பெயர் வைக்க முதல் பொருளைக் கழற்றிப் பார்ப்போம். கைக்கு ஒன்றாகத் தெரிகிற திறப்புக்குள் மூன்று சாமான் இருக்கிறது. ஒன்று, வெட்டின உலோக அலகு. இரண்டு, பற்றரியே தேவைப்படாத ஒரு சிப். ஸ்ரார்ட் சுவிட்சைச் சுற்றியிருக்கிற கம்பிச் சுருள் 125 அல்லது 134 கிலோஹேர்ட்ஸில் அதை எழுப்பும்; அந்தச் சக்தியிலேயே சிப் மறுமொழி சொல்லும்; மறுமொழி சரியென்றால்தான் எஞ்சின் பிடிக்கும். மூன்று, பொத்தானும் 3 வோல்ட் பற்றரியும் உள்ள ரிமோட் பலகை. அது கதவை மட்டும் பார்க்கும். பற்றரி செத்த பிறகும் எஞ்சின் பிடிப்பது இதனால்தான்.

‘கீ புரோகிராம்’ என்ற ஒரே சொல் இவ்வளவையும் மூடிவிடுகிறது. கராஜுக்கு அடிக்கடி வருகிற பிழை ஒன்றைப் பாருங்கள். திறப்பின் பிளாஸ்டிக் கோது உடைந்ததென்று புதுக் கோது வாங்கி, பலகையை மட்டும் அதற்குள் வைத்துவிட்டுப் பழையதை எறிந்துவிடுவார்கள். சிப் பழைய கோதின் மூலையில், அல்லது சில ரொயோட்டாத் திறப்புகளில் அலகின் தலைப் பிளாஸ்டிக்குக்குள்ளே இருக்கும். பொத்தானை அமத்தினால் கதவு திறக்கும், எஞ்சின் பிடிக்காது, பாதுகாப்பு விளக்கு அணையாது. ‘புரோகிராம் அழிஞ்சுபோச்சு’ என்று வருவார்கள். ஒன்றும் அழியவில்லை. சிப் குப்பை வாளிக்குள் கிடக்கிறது. இதைச் சொல்ல முதலில் அந்தச் சிப்புக்கு ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும்.

மடல் 3 (கொக்குவில்)

வணக்கம் ஐயா, தம்பி.

சிப்புக்குக் கணினிக் கலைச்சொற்களில் ‘சில்லு’ இருக்கிறது. ஆனால் எங்கட ஊரில் சில்லு என்றால் கார் ஓடுகிற சில்லுத்தான். ‘சில்லுத் திறப்பு’ என்று எழுதினால் சில்லு கழற்றுகிற ஸ்பானரைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். வேறு துறையில் அந்தச் சொல் இருக்கட்டும். வாகனத்துக்குள் அதைக் கொண்டுவரக் கூடாது.

கண்ணாடி வகைச் சிப் நெல்லுமணியைவிடக் கொஞ்சம் பெரிது, கரிய வகை மாத்திரை போல இருக்கும். ‘அடையாள மணி’ என்போமா? முதல் தரம் முழுதாக எழுதி, பிறகு ‘மணி’ என்று சுருக்கலாம். அப்போது வகைகளுக்கும் பெயர் தானாக வருகிறது: வெறும் அலகு மட்டும் என்றால் வெறுந்திறப்பு, சிப் இருந்தால் மணித்திறப்பு, கதவுக்குப் பொத்தானும் சேர்ந்தால் பொத்தான் திறப்பு. பைக்குள் கிடக்கவே கதவும் எஞ்சினும் கேட்கிற ‘ஸ்மார்ட் கீ’க்கு அண்மைத் திறப்பு. அது கிட்ட இருந்தால் போதும் என்பதே அதன் குணம்.

> நிரலாக்கம்

நிரல் என்றால் கட்டளைத் தொடர். இங்கே ஒருவரும் கட்டளை எழுதவில்லை. இந்தத் திறப்பு என்னுடையது என்று கார் நினைவில் வைக்கிறது, அவ்வளவுதான். ‘பதிவு’ பொருந்தும், ஆனால் ‘திறப்புப் பதிவு’ என்றதும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு எந்தப் படிவம் என்று கேட்பார்கள். ‘பழக்குதல்’ அழகான சொல், மாட்டைப் பழக்குகிறோம். ஆனாலும் அது காரின் பக்கத்தை மட்டும் சொல்கிறது. திறப்பும் ஒரு காரோடு பூட்டுப்படுகிற வகை உண்டென்றால் இரண்டு பக்கத்தையும் பிடிக்கிற சொல் வேண்டும். என் தெரிவு இணக்கல். எதிர்ச்சொல், இணக்கம் நீக்கல்.

சிப்பின் மறுமொழி சரியில்லையென்றால் எஞ்சினைப் பிடிக்கவிடாத ‘இம்மொபிலைசர்’ இயக்க மறிப்பி. வீதியில் பொலிஸ் மறிக்கிற அதே மறிப்பு. இதில் விவாதம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

மடல் 4 (சுன்னாகம்)

அக்கா, இணக்கல் நல்லாய்ப் பொருந்துகிறது. வேலை முழுவதிலும் அந்தச் சொல்லை ஓட்டிப் பார்த்தேன். முறியவில்லை.

திறப்பு வாங்க முதல் காரின் செசி இலக்கத்தை எடுக்கவேண்டும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக் காருக்கு 17 எழுத்து இலக்கம் இல்லை. ரொயோட்டா அக்குவா என்றால் ‘என்எச்பி10’ என்று தொடங்கும். 17 எழுத்தைக் கேட்கிற இணையக் கடைகளில் இதைத் தேட முடியாது. அதனால் இருக்கிற திறப்பைத் திறந்து, பலகையில் அச்சிட்ட இலக்கத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கோது ஒரேமாதிரி இருப்பதை நம்பவேண்டாம். ஜப்பான் உள்நாட்டு ரிமோட் 315 மெகாஹேர்ட்ஸுக்குக் கிட்ட வேலை செய்யும். ஐரோப்பியச் சந்தைக்குச் செய்தது 433.92. பொத்தான் திறப்பில் இந்த மெகாஹேர்ட்ஸ் மாறினால் மணி இணங்கும், ரிமோட் இணங்காது: எஞ்சின் பிடிக்கும், கதவு அசையாது. ‘புரோகிராம் ஆகேல்லை’ என்று சொன்னால் இந்தப் பிழை பிடிபடுமா?

பாவித்த அண்மைத் திறப்பு வாங்குவோருக்கு இந்தச் சொல் இன்னும் உதவும். ரொயோட்டா அண்மைத் திறப்பு ஒருதரம் ஒரு காரோடு இணங்கினால் இன்னொன்றோடு இணங்காது. பலகையை எடுத்து அதற்குரிய கருவியில் இணக்கம் நீக்கவேண்டும். கடையில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘இது இணங்காததா, இணக்கம் நீக்கினதா?’

அலகை முதலில் வெட்டிக் கதவில் திருப்பிப் பார்த்த பிறகுதான் இணக்கத் தொடங்கவேண்டும். காரின் பற்றரி செத்த அன்றைக்கு, அண்மைத் திறப்புக்குள் ஒளித்திருக்கிற அந்தச் சின்ன அலகுதான் கதவைத் திறக்கும். பிறகு ஸ்ரீயறிங்குக்குக் கீழே உள்ள 16 ஊசிச் சொக்கற்றில் இணக்கும் கருவியைக் கொழுவுங்கள். கொழுவ முதல் பற்றரிக்கு சார்ஜர் போடுங்கள். சுவிட்ச் ‘ஒன்’னில் நிற்க மின் போய்க்கொண்டே இருக்கும், ஹைபிரிட் காரின் 12 வோல்ட் பற்றரி சிறியது, கெதியாய் இறங்கிவிடும். மறிப்பியின் நினைவில் திறப்பைப் பதிகிற நடுவில் மின் விழுந்தால் அந்த நினைவு குழம்பி, வேலை செய்த பழைய திறப்பும் போய்விடலாம்.

இணங்கிய திறப்பு ஒன்றாவது கையில் இருந்தால், அதோடு புதியதைச் சேர்ப்பது கூட்டி இணக்கல். சில நிமிட வேலை. பழைய ரொயோட்டாக்களில் இதற்கு மூலத் திறப்பு (‘மாஸ்டர் கீ’) வேண்டும். துணைத் திறப்பால் எஞ்சினைப் பிடிக்கலாம், இன்னொன்றைச் சேர்க்க முடியாது. ஒன்றுமே இல்லையென்றால் அடியிலிருந்து இணக்கல். ரொயோட்டாவின் பல மொடல்களில் மறிப்பியின் நினைவை வெறுமையாக்க ஏறக்குறைய 16 நிமிடம் கருவி தானாகக் காத்திருக்கும். ‘தொங்கிப்போச்சு’ என்று பத்தாவது நிமிடத்தில் சுவிட்சை நிற்பாட்டினால் திரும்ப முதலிலிருந்துதான்.

இன்னொரு இடத்தில் பலர் பிழைவிடுகிறார்கள். நிசானில் மணி இணக்கும்போதும், ஹொண்டாவில் ரிமோட் இணக்கும்போதும் முன்பு இணங்கினவை எல்லாம் அழியும். வீட்டில் மனிசியிடம் இருக்கிற இரண்டாவது திறப்பையும் அதே இருப்பில் இணக்கவேண்டும். பிறகு கொண்டுவரலாம் என்றால் முழு வேலையும் இரண்டாம் தரம் செய்யவேண்டும். முடிந்ததும் எத்தனை திறப்பு இணங்கியிருக்கிறது என்று கருவியில் பாருங்கள். கையில் இரண்டு, கருவியில் மூன்று என்றால், தொலைந்தது இன்னமும் உயிரோடு இருக்கிறது. சோதிக்கும்போது இரண்டு மணித்திறப்பை ஒரே வளையத்தில் கொழுவவேண்டாம். சுருளுக்குக் கிட்ட மற்ற மணியும் பேசி வாசிப்பைக் குழப்பும்.

மடல் 5 (நல்லூர்)

தம்பி, பிள்ளை இருவருக்கும் நன்றி. ‘தொலைத் திறப்பு’, ‘நிரலாக்கம்’ இரண்டையும் மீளப் பெறுகிறேன்.

‘மணி’யில் எனக்குச் சிறு தயக்கம் இருந்தது, மணிக்கூட்டின் மணி குறுக்கே வரும் என்று. ‘மணி இணக்கல்’ என்று சேர்த்து வாசிக்கும்போது வரவில்லை. ‘அடியிலிருந்து இணக்கல்’ பேச்சில் நிற்கும். தலைப்பாக ‘அடியிணக்கல்’ என்று ஒட்டி எழுதுவோம்.

பற்றுச்சீட்டில் எழுதிப் பார்த்தேன். இப்போது ‘கீ புரோகிராம்’ என்று ஒற்றை வரியாக இருப்பது இப்படிப் பிரிகிறது:

அலகு வெட்டு 1
மணி இணக்கல் 1
ரிமோட் இணக்கல் 1
தொலைந்த திறப்பின் இணக்கம் நீக்கல் 1
இணங்கிய மொத்தத் திறப்பு: 2

கடைசி வரியைக் காசு வராத வரியென்று விட்டுவிடாமல் கட்டாயம் எழுதவேண்டும் என்பது என் கருத்து. மற்றக் கராஜ்காரரும் இதை ஒருக்கால் பார்த்து, விடுபட்ட வேலை இருந்தால் எழுதுங்கள். கோது மாற்றலைத் தனி வரியாகப் போடுவதா, அலகோடு சேர்ப்பதா என்பது இன்னும் தீரவில்லை.