புதுப்பிப்பு: அந்த பீஸ் ரேட் ஸ்டோரி என்ன ஆச்சு

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்குச் செய்யும் ஆப்பில், ‘பயனராக எனக்கு பீஸ் ரேட் (தைத்த ஒவ்வொரு பீஸுக்குமான கூலி) ரிப்போர்ட் வேண்டும்’ என்று ஒரு யூசர் ஸ்டோரி (யாருக்கு, என்ன, எதற்கு வேண்டும் என்று பயனர் பார்வையில் எழுதும் சிறு குறிப்பு) எழுதி, இரண்டு ஸ்பிரிண்ட் (குறுகிய வேலைச் சுற்று) ஓடியும் முடியவில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன் இல்லையா, முடிந்துவிட்டது. கோளாறு ‘பயனராக’ என்ற சொல்லில்தான். யார் அந்தப் பயனர் என்று நாங்கள் ஒருத்தரும் கேட்கவேயில்லை!

சரி என்று, அந்தப் பதிவுக்கு நீங்கள் சொன்ன யோசனைப்படி கம்பெனிக்கே நேரில் போய் உட்கார்ந்தேன். லைன் சூப்பர்வைசர் அக்கா ஒரே வரியில் முடித்தார்: “ஏனுங்க தம்பி, ரிப்போர்ட்டு எனக்கெதுக்குங்க? சனிக்கிழம சம்பளம் போடறப்ப டெய்லருங்க சண்டைக்கு வராம இருந்தாப் போதும்.”

அதையே எழுதினோம்: ‘லைன் சூப்பர்வைசராக, ஒவ்வொரு டெய்லரின் பீஸ் கணக்கையும் அன்றன்றே அவரிடம் காட்ட வேண்டும், சம்பளத்தன்று தகராறு வராமலிருக்க.’ ஏற்பு நிபந்தனையும் (வேலை முடிந்தது என்று ஏற்க எதெல்லாம் சரியாக இருக்கணும் என்பது) அவர் வாயிலிருந்தே வந்தது: செக்கிங்கில் திரும்பிய பீஸைக் கழிக்கணும், சரிசெய்து கொடுத்தால் திரும்பச் சேர்க்கணும். மென்பொருள் நிபுணர் ரான் ஜெஃப்ரிஸ் 2001-லேயே ஒரு ஸ்டோரிக்கு அட்டை (எழுதிய குறிப்பு), உரையாடல் (அதைப் பற்றிப் பேசுவது), உறுதிப்படுத்தல் (சரியாக வந்ததா என்று சோதிப்பது) என்று மூன்றைச் சொன்னார், நாங்கள் அட்டையோடு நின்றிருக்கிறோம்.

அப்புறம், ஸ்டோரியைச் சின்னச் சின்னதாகப் பிரிக்கச் சொன்னவருக்கு: பிரித்தாச்சு. ஓவர்டைம் கணக்கு தனியாக, அடுத்த ஸ்பிரிண்டில்.