லூசில் பாலின் கடைசித் தொடர் ஏன் எடுபடவில்லை?

கேள்வி: தங்கச்சிமடம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவை நடிகை லூசில் பாலைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். ‘ஐ லவ் லூசி’ தொடரில் அவருக்குக் குழந்தை பிறக்கும் பகுதியை, 1953 ஜனவரி 19 அன்று ஏறத்தாழ 4.4 கோடிப் பேர் பார்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் 1986-இல் நடித்த ‘லைஃப் வித் லூசி’ எட்டே பகுதிகள் ஒளிபரப்பானதும் நிறுத்தப்பட்டது. வயதாகிவிட்டது என்ற ஒற்றைக் காரணம் எனக்குப் போதவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: மண்டபம்

சகோதரிக்கு வணக்கம். முதலில் அவர் எப்படி உயர்ந்தார் என்பதைச் சொல்லுங்கள். அவரும் கணவர் டெசி ஆர்னாஸும் தங்கள் டெசிலூ நிறுவனத்தின் மூலம், பார்வையாளர்களை எதிரே அமர்த்தி, மூன்று கேமராக்களைக் கொண்டு ஃபிலிமில் படம்பிடித்ததால்தான் ‘ஐ லவ் லூசி’ பகுதிகள் மங்காமல் நின்று இன்றும் மறுஒளிபரப்பாகின்றன. 1960-இல் மணமுறிவு ஏற்பட்டது; 1962-இல் கணவரின் பங்கையும் வாங்கி நிறுவனத்தைத் தாமே நடத்தினார். ‘ஸ்டார் டிரெக்’ என்ற விண்வெளித் தொடர் அங்கே உருவானதுதான். 1967-இல் நிறுவனத்தை விற்றார். நிர்வாகியாக அவர் வீழவே இல்லை என்பதை விட்டுவிடாதீர்கள்.

பதில்: தேவிபட்டினம்

நம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகத்தில், பபூனுக்கு ஈடுகொடுத்துத் தர்க்கம் செய்யும் பெண் கலைஞர் மேடைப் பலகை அதிர விழுந்தாலும் கூட்டம் சிரிக்கிறது. அவருக்கு ஒன்றும் ஆகாது என்று ஒவ்வொருவருக்கும் உள்ளூரத் தெரியும். 1952-இல் வந்த சாக்லேட் தொழிற்சாலைக் காட்சியைப் பாருங்கள்: ஓடும் பட்டையில் வந்துகொண்டே இருக்கும் சாக்லேட்டுகளைத் தாளில் சுற்றி முடிக்க முடியாமல் லூசி வாயில் திணிக்கிறார், தொப்பிக்குள் ஒளிக்கிறார், சட்டைக்குள் போடுகிறார், கண்களில் மட்டும் மாட்டிக்கொள்வோமோ என்ற திகில். அந்த உடல்மொழியையே 75 வயதில், ‘லைஃப் வித் லூசி’யில் ஹார்டுவேர் கடையில் நிற்கும் பாட்டியாகச் செய்தபோது பார்ப்பவருக்குச் சிரிப்புக்கு முன்னே பதற்றம் வந்தது. எழுதியவர்களும் ‘ஐ லவ் லூசி’யை எழுதிய அதே மேடலின் பியூவும் பாப் கேரலும்தான். உடன் நடித்த கேல் கார்டனுக்கு வயது 80. பழைய பாணியே போதும் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள் என்பதுதான் என் கணிப்பு.

பதில்: ஏர்வாடி

தேவிபட்டினத்து அண்ணன் சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அதற்கு முந்தைய ஆண்டில்தான், 1985-இல், ‘ஸ்டோன் பில்லோ’ என்ற தொலைக்காட்சிப் படத்தில் நியூயார்க் தெருக்களில் வீடின்றி அலையும் மூதாட்டியாக லூசில் பால் நடித்தார். வயதை மறைக்காத வேடம் அது. முதுமையை நடிக்க அவருக்குத் தெரிந்திருந்தது. மறு ஆண்டே அவரை மீண்டும் பழைய லூசியாக்கியதுதான் பிழை என்று நினைக்கிறேன். கூட்டத்தில் திரையிட வசதி இருந்தால், சாக்லேட் காட்சியையும் இந்தப் படத்தின் சில நிமிடங்களையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள் அக்கா.