புதுப்பிப்பு: மாமாவின் படகுக் கணக்கு
நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு ஆட்களை ஏத்த மாமா 600,000 ரூபாய்க்குப் படகு வாங்கினால், வருசம் 200,000 வீதம் 4 வருசம் மிஞ்சும். 14 வீத வட்டியில் கட்டுப்படியாகுமா என்று கேட்டிருந்தேன்.

வழி சொன்ன அண்ணாமாருக்கு நன்றி. பிஏ டூ பிளஸ் என்ற நிதிக் கல்குலேட்டரில் சிஎஃப் (காசு வரவு செலவு) பொத்தானை அமத்தி, பழைய எண்களை அழித்தேன். சிஎஃப்0-க்கு (முதலில் போடும் காசு) 600,000 மைனஸில், சி01-க்கு (வருச வரவு) 200,000, எஃப்01-க்கு (எத்தனை தரம்) 4 (ஒரே தொகையை நாலு தரம் அடிக்கத் தேவையில்லை, அருமை). பிறகு என்பிவி (வரப்போகும் காசின் இன்றைய மதிப்பில் போட்ட காசைக் கழித்தது), ஐ-க்கு (வட்டி வீதம்) 14, கீழ் அம்பு, சிபிடி (விடை கணக்கிடும் பொத்தான்). விடை: −17,258, அதாவது 14இல் கட்டாது. ஐ 12 என்றால் +7,470.

கல்குலேட்டர் காசு வருசக் கடைசியில் வருவதாகவே எடுக்கும். எங்கட சீசனோ வருச நடுவில். அதனால் உண்மை நிலை கொஞ்சம் மேல்தான். எதுக்கும் மாமா விலை பேசப் போயிருக்கிறார்; 580,000-க்கு இறங்கினால் 14இலும் தேறும்.