அதே கப்பல், இரண்டாவது பயணம்

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போகும் பெரிய சுற்றுலாக் கப்பல் ஒன்றில் மறுபடியும் குடும்பமாகப் போய் வந்தோம். டிசம்பர் விடுமுறைக்கு யாழ்ப்பாணத்தில் கனபேர் விசாரிப்பதால் எழுதுகிறேன்.

அண்ணை டொரொண்டோவில், அக்கா லண்டனில், அம்மாவும் நானும் கோண்டாவிலில். இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் விசா தேவையில்லை என்பதால் சந்திக்க அதுதான் வசதி. எல்லாரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் எங்கள் ஆசை. 2018இல் அது நிறைவேறியது. இரவுச் சாப்பாட்டுக்கு ஒவ்வொரு நாளும் அதே மேசை, அதே பரிமாறும் தம்பி. அம்மா மரக்கறி மட்டும்தான் என்று முதல் நாள் சொன்னதை அவர் கடைசி நாள்வரை மறக்கவில்லை.

இந்த முறை அந்த ஒழுங்கே இல்லை. மேசையைக் கைபேசிச் செயலியில் பிடிக்க வேண்டும், பெரிய மேசைகள் திறந்தவுடனேயே முடிந்துவிடும். அண்ணை குடும்பம் ஆறு மணிக்கு, நாங்கள் எட்டரைக்கு. மரக்கறிச் சாப்பாட்டை ஒவ்வொரு இரவும் புது ஆளிடம் முதலிலிருந்து விளக்கினோம். ஒருநாள் அம்மாவுக்கு வந்த சூப்பில் இறால் கிடந்தது. அவர் கரண்டியை வைத்துவிட்டு, வெறும் பாணோடு எழும்பிவிட்டார். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. வேலையாட்களில் குறை சொல்ல மாட்டேன். ஒரு ஆள் பார்க்கிற மேசைகளின் எண்ணிக்கை அப்படி.

பினாங்கில் கப்பல் நகரத்துக்குள்ளேயே கட்டும். இறங்கி நடந்தே குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலுக்குப் போகலாம், 1833இல் எழுந்த கோயில். முன்பு விடியவே இறங்கிக் காலைப் பூசை பார்த்தோம். இப்போது மத்தியானம் கொண்டுபோய் விட்டு, பின்னேரமே ஏறச் சொன்னார்கள். நடை சாத்தியிருந்தது. அம்மா வாசலில் நின்றே கும்பிட்டார்.

புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பட்டோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போடும், சிறுபடகில்தான் கரைக்குப் போகலாம். திருவிழா நேரத்துக் குறிகாட்டுவான் இறங்குதுறை மாதிரி சனம். இலக்கம் ஒட்டிய சட்டையோடு காத்திருந்தே வெயில் ஏறிவிட்டது, அம்மாவும் அக்காவும் இறங்கவேயில்லை.

செலவும் பாருங்கள். டிப்ஸ் ஆளுக்கு, நாளுக்கு என்று கணக்கில் ஏறும், பிள்ளைகளுக்கும் சேர்த்து. முன்பு கட்டணத்துக்குள் இருந்த சில சாப்பாட்டு இடங்கள் இப்போது தனிக்காசு. அறை சுத்தம், அது உண்மை.

முறைப்பாடு எழுதினோம். அடுத்த பயணத்துக்குக் கழிவு தருவதாகப் பதில் வந்தது. அண்ணை வேண்டாம் என்றுவிட்டார்.

காசு கட்டமுதல் மூன்றைக் கேளுங்கள்: இரவு மேசை நிரந்தரமா, துறைமுகத்தில் எத்தனை மணிக்குக் கட்டுவார்கள், கரைக்குப் படகா. அண்மையில் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள், பன்னிரண்டு பேரை ஒரே மேசையில் இருத்துகிற கப்பல் எது?