மேசைக்கு அடியில் மஞ்சள் முக்கோணம்: மரமா, தூளா?

உளிச்சத்தம்:
நேற்று இங்கே ஒருவர், வெளிநாட்டிலிருந்து வந்த படிப்பு மேசைக்கு அடியில் ஒட்டியிருந்த, மஞ்சள் முக்கோணம் போட்ட அமெரிக்கக் கலிபோர்னியா மாநில எச்சரிக்கைத் துண்டைப் படம் பிடித்துப் போட்டு, "மரத் தளபாடம் புற்றுநோய் தரும், பிளாஸ்டிக் வாங்குங்கள்" என்று எழுதியிருந்தார். வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அந்தத் துண்டில் மேசை என்று எங்கே இருக்கிறது? துளையிட்டால், அறுத்தால், தேய்த்தால் கிளம்பும் மரத்தூள் என்றுதான் இருக்கிறது. மொறட்டுவைத் தச்சுப் பட்டறைகள் மேல் பழியைப் போடாதீர்கள்.

வெள்ளவத்தைத் தம்பி:
படம் போட்டது நான்தான் அண்ணை. புற்றுநோய் என்று எழுத்திலேயே இருக்கிறது. மகள் அந்த மேசையில் தலையை வைத்துத்தான் தூங்கிப்போகிறாள். தூளென்ன, மரமென்ன, எனக்கு எல்லாம் ஒன்றுதான்.

உளிச்சத்தம்:
ஒன்றில்லை தம்பி. அப்பா முப்பது வருடம் தேக்கு அறுத்தவர். பின்னேரம் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கபில நிறமாகிவிடும். கடைசியில் மூக்குக்குள் கட்டி வந்துதான் போனார். ஒரு முகமூடி வாங்கிக் கொடுக்க முதலாளிக்கு மனம் வரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இலேயே மரத்தூளை முதலாம் தொகுதியில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றில், சேர்த்துவிட்டது. ஆபத்து அறுப்பவனுக்கு. எழுதுகிற பிள்ளைக்கு இல்லை.

இரசாயன ரீச்சர்:
இரண்டு பேரும் பசையை மறந்துவிட்டீர்கள். படத்தில் இருப்பது எம்.டி.எஃப் பலகை, மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்வது. அதை ஒட்டுவது பெரும்பாலும் யூரியா போர்மல்டிஹைட் பசை. அதே முகவரகம் 2004இல் போர்மல்டிஹைட்டையும் அதே தொகுதிக்குள் கொண்டுவந்தது. வெக்கையும் ஈரமும் கூடினால் பசையிலிருந்து அந்த வாயு இன்னும் வெளியே வரும். கொழும்பில் இரண்டுக்கும் குறைவா? புது அலுமாரியின் லாச்சியை இழுத்ததும் கண் எரிகிறதே, அதுவும் தூளா? எம்.டி.எஃப் பலகையிலிருந்து வரும் அந்த வாயுவுக்கு கலிபோர்னியா வைத்திருக்கும் எல்லை 0.11 பிபிஎம், அதாவது காற்றில் பத்து இலட்சத்தில் 0.11 பங்கு.

உளிச்சத்தம்:
ரீச்சர், படத்தில் எழுதியிருப்பது என்ன? மரத்தூள். பசை என்று இல்லை.

கணக்கப்பிள்ளை:
கலிபோர்னியாக்காரர் எதற்குத்தான் ஒட்டவில்லை? 1986இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 65ஆம் பிரேரணை என்ற சட்டத்தின்படி ஒட்டுவது அது. ஒட்டாமல் விட்டால் நாளொன்றுக்கு 2,500 டொலர் வரை தண்டம், தனியாரும் வழக்குப் போடலாம். அந்தப் பயத்தில் கண்டதற்கெல்லாம் ஒட்டுகிறார்கள். கோப்பிக்கும் எச்சரிக்கை வேண்டும் என்று 2018இல் ஒரு நீதிபதி தீர்ப்புச் சொல்ல, 2019இல் அரசே தேவையில்லை என்று விலக்குக் கொடுத்தது. எவ்வளவு இருக்கிறது என்ற அளவு அந்தத் துண்டில் இல்லவே இல்லை. நம் குளிர்பானப் போத்தலைப் பாருங்கள். 2016இலிருந்து சிவப்பு, மஞ்சள், பச்சை. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. லேபல் என்றால் அது.

உளிச்சத்தம்:
அளவு எழுதவில்லை என்பதால் அப்பாவுக்கு வந்த நோய் பொய்யாகிவிடுமா?

கணக்கப்பிள்ளை:
உங்கள் அப்பாவைப் பற்றி நான் ஒரு சொல் சொல்லவில்லை. போன வருடம் வார்னிஷ் சண்டையிலும் இப்படித்தான், சொல்லாததைச் சொன்னதாக்கினீர்கள். இன்னும் மறக்கவில்லை.

உளிச்சத்தம்:
நானும் மறக்கவில்லை. ஒரு நாள் உளி பிடிக்காத நீங்கள் எனக்கு வார்னிஷ் படிப்பித்த ஆள்.

வெள்ளவத்தைத் தம்பி:
சரி, மேசையை வைத்திருக்கிறதா, தூக்குகிறதா? அதை யாராவது சொல்லுங்கள்.

இரசாயன ரீச்சர்:
யன்னலைத் திறந்து வையுங்கள். பலகையின் வெட்டு விளிம்பு மூடாமல் இருந்தால் மூடுங்கள், வாயு அங்கேதான் கூட வரும்.

உளிச்சத்தம்:
முதிரை மரத்தில் மேசை ஒன்று செய்வியுங்கள். பிள்ளையின் பிள்ளையும் இருந்து படிக்கும்.

கணக்கப்பிள்ளை:
வியாபாரம் தொடங்கிவிட்டது.

உளிச்சத்தம்:
வியாபாரமா? பட்டறையை விட்டு ஆறு வருடம். தம்பி, அந்தத் துண்டின் ஒரு வரி உங்கள் படத்தில் இல்லை. தூளைச் சுவாசிக்காதீர்கள், அல்லது முகமூடி போடுங்கள் என்ற வரி. அதை ஏன் வெட்டினீர்கள்? வேலை செய்பவனுக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்.

வெள்ளவத்தைத் தம்பி:
வெட்டவில்லை அண்ணை, வெளிச்சம் பட்டுத் தெரியவில்லை. இரவு மேசையைக் கவிழ்த்து இன்னொன்று எடுத்துப் போடுகிறேன்.

உளிச்சத்தம்:
போடுங்கள். மரத்தூள் என்றுதான் இருக்கும்.

இரசாயன ரீச்சர்:
போர்மல்டிஹைட்டும் இருக்கும்.