கோத்தகிரியில் இருந்து வேலை பார்த்தால் சம்பளம் குறைவா? யோசனை சொல்லுங்க

வணக்கம். பெங்களூரு கம்பெனி ஒன்றுக்குக் கோத்தகிரியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ஏப்ரலில் இருந்து ஊருக்குத் தகுந்த சம்பளமாம். நான் இருப்பது சின்ன ஊர் என்று 15 சதவீதம் குறைக்கப் போகிறார்கள்.

வாடகை பெங்களூரைவிடக் குறைவுதான், மறுக்கவில்லை. மற்றதெல்லாம்? மழையில் மரம் சாய்ந்தால் கரண்ட் போய்விடும், அதற்கு இன்வெர்ட்டர். ஒரு நெட் படுத்துவிட்டால் கைகொடுக்க இன்னொரு இணைப்பு. ஜூலையில் துணி காய வைக்கவே ஹீட்டர் போட வேண்டியிருக்கிறது. பெரிய டாக்டர் என்றால் கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டும். எச்.ஆர். அனுப்பிய எக்செலில் இதற்கெல்லாம் கட்டமே இல்லை!

கிட்லேப் என்ற சாஃப்ட்வேர் கம்பெனி ஊரைப் பார்த்துச் சம்பளம் போடுகிறது. 37சிக்னல்ஸ் என்ற இன்னொரு சாஃப்ட்வேர் கம்பெனி, ஆள் எங்கே இருந்தாலும் சான்பிரான்சிஸ்கோ அளவில் தருகிறது. அப்புறம் எங்கள் ஆட்கள் மட்டும் ஏன் 'வேறு வழியில்லை' என்கிறார்கள்?

குன்னூர், ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருந்து வேலை பார்ப்பவர்கள் யாராவது இதைப் பேசி மாற்றியிருக்கிறீர்களா? அடிப்படைச் சம்பளம் (பேசிக்) குறைந்தால், வேலையை விடும்போது வரும் கிராஜுவிட்டியும் அடிபடும். அதனால் பேசிக்கைத் தொடாமல் அலவன்ஸில் மட்டும் குறைக்கச் சொல்லலாமா? இல்லை, நெட், இன்வெர்ட்டர் செலவைத் தனியாகக் கேட்பது நல்லதா? வெள்ளிக்கிழமை மீட்டிங். அதற்குள் சொன்னால் பெரிய உதவி.