கவைக்கொம்பின் அளவெண்: மறுஅளவீடா, மறுவகைப்பாடா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வட அமெரிக்க வேட்டைப் பதிவேடுகளில் மான்கொம்புக்குத் தரும் எண்ணை 'மதிப்பெண்' என்றும், அதை மறுத்து எழுப்பும் வழக்கை 'மதிப்பெண் முறையீடு' என்றும் வழங்கலாம் என்று நம் கலைச்சொற்பட்டியலுக்கு வந்த முன்மொழிவு எனக்கு உடன்பாடில்லை. மதிப்பெண் என்பது தேர்வர் எழுதியதைப் படித்துப் பார்த்து ஒருவர் இடுவது. அப்பதிவேடுகளைப் பேணும் பூன் அண்ட் குரோக்கெட் கிளப் 1950இல் ஏற்ற முறையிலோ, கொம்பின் முதன்மைத் தண்டின் நீளம், கிளைகளின் நீளம், சுற்றளவுகள், இரு தண்டுகளுக்கும் இடையிலுள்ள உள்ளகலம் ஆகியவற்றை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குவரை நாடாவால் அளந்து கூட்டி, இருபக்க வேறுபாடுகளைக் கழிக்கிறார்கள். ஆகவே 'அளவெண்' என்பதே பொருந்தும். (எட்டில் ஒன்றுக்கு நம்மிடம் 'அரைக்கால்' என்ற சொல் இருப்பதையும் மறக்க வேண்டாம். 1993இல் கனடாவின் சஸ்காச்சுவானில் கிடைத்த வெண்வால் மானின் சாதனை அளவெண் 213 அங்குலத்துடன் அரையே அரைக்கால், அதாவது 213 5/8.) கொம்பு உலர்வதற்கான அறுபது நாள் முடியுமுன் அளந்ததைப் 'பச்சை அளவெண்' எனலாம், பச்சை மட்டை, பச்சை மண் என்று உலராததைச் சொல்வது நம் வழக்கம்தானே.

மானின் கிளைத்த கொம்பைக் குறிக்கக் 'கவைக்கொம்பு' போதும். 'கவைத்தலை முதுகலை' என்று பழம்பாட்டே கலைமானைச் சொல்கிறது.

உண்மையான சிக்கல் முறையீட்டில்தான் இருக்கிறது. 2006இல் விஸ்கான்சினில் வேட்டையாடப்பட்ட ஒரு வெண்வால் மானை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வலக்கொம்பின் ஒரு கிளை தண்டின் மேல்விளிம்பிலிருந்து முறையாக எழுந்ததா, அடுத்த கிளையின் அடியிலிருந்து பிரிந்ததா என்பதே வழக்கு. முறையாக எழுந்தது என்றால் அந்த மான் உலகச் சாதனையை எட்டும் என்றார்கள் ஒரு சாரார். கிளப்போ அதை முறைதவறிய கிளையாகவே கொண்டது. அப்படிக் கொண்டால் அக்கிளையின் நீளம் கழிவதோடு நிற்பதில்லை, எதிர்ப்பக்கக் கிளைகளோடு இணைசேரும் வரிசையும் குலைந்து அந்த வேறுபாடுகளும் கழிகின்றன. எனவே அளவெண் வெகுவாகக் கீழே இறங்கிவிடுகிறது. இங்கே எவரும் நாடா தவறாக ஓடியது என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் தேர்வுத் துறையில் மறுகூட்டலும் மறுமதிப்பீடும் வேறு வேறு விண்ணப்பங்கள் என்பது மாணவர்கள் அனைவரும் அறிந்தது. அதுபோல இங்கும் இரண்டு சொற்கள் தேவை. நாடாவைத் திரும்ப வைக்கக் கோருவது 'மறுஅளவீடு'. ஒரு கிளை முறையாக எழுந்த 'நேர்க்கிளை'யா, முறைதவறிய 'பிறழ்கிளை'யா என்று திரும்பத் தீர்மானிக்கக் கோருவது 'மறுவகைப்பாடு'. 'இயல்பான கிளை', 'இயல்பற்ற கிளை' என்ற முந்தைய முன்மொழிவைக் கைவிடச் சொல்வதற்கும் இதுவே காரணம்: பிறழ்கிளையும் இயற்கையாக முளைத்ததுதான், அது எழுந்த இடம் மட்டுமே விதிக்குப் பொருந்தவில்லை.

மறுப்பிருந்தால், எந்தச் சொல்லுக்கு என்பதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். இல்லையெனில் அளவெண், பச்சை அளவெண், நேர்க்கிளை, பிறழ்கிளை, மறுஅளவீடு, மறுவகைப்பாடு ஆகிய ஆறையும் பட்டியலில் சேர்க்க வேண்டுகிறேன்.